கராஜ் பதில்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதனால் லொறி, முச்சக்கரவண்டிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். லொறிக்கார அண்ணன்மார் கோபிக்க வேண்டாம்.

அண்ணே, எனக்கு 32 வயது. கட்டாரில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். கார் ஒன்றுக்கென்று 50 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். லீசிங் எடுக்கப் போவதில்லை. வீட்டுத் தேவைக்கு அப்பாவின் வேன் இருக்கிறது, இது என் ஆசைக்கு. 1990 யூனோஸ் ரோட்ஸ்டர், 1996 சிவிக் எஸ்ஐஆர், 2004 மஸ்டா ஆர்எக்ஸ்-8 என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், எல்லாம் மெனுவல். ஆர்எக்ஸ்-8க்குத்தான் குறைந்த விலை சொல்கிறார்கள், அதில்தான் குதிரைவலுவும் கூட, 250. யூனோஸில் 120தான். காசுக்குப் பெறுமதி எது?
*வாசகர், தலவாக்கலை*

தம்பி, மூன்றில் அதிக வலு உள்ளதுக்கு ஏன் குறைந்த விலை என்று முதலில் கேளுங்கள். விற்கிறவர் முட்டாள் இல்லை. ஆர்எக்ஸ்-8 பற்றி ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சியும் எழுதியிருக்கிறார், அவருக்கு எழுதிய பதிலை நீங்களும் வாசியுங்கள். இங்கே மற்ற இரண்டையும் பார்ப்போம்: மஸ்டா செய்த, இரண்டு சீட்டும் துணிக் கூரையும் உள்ள யூனோஸ், ஹொண்டா சிவிக்கில் வலு கூடிய எஸ்ஐஆர்.

வலுவை மட்டும் பார்க்காமல் எடையோடு சேர்த்துப் பாருங்கள். யூனோஸ் 940 கிலோ, 120 குதிரைவலு. சிவிக் எஸ்ஐஆர் ஏறக்குறைய 1,050 கிலோ, 170 குதிரைவலு. ஆர்எக்ஸ்-8 ஏறக்குறைய 1,310 கிலோ, 250 குதிரைவலு. இந்தக் கணக்கிலும் ஆர்எக்ஸ்-8தான் முன்னே நிற்கிறது, மறைக்கவில்லை. ஆனால் தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையில் அந்த 250ஐ எங்கே வைத்துப் பாவிப்பீர்கள்? அந்த எஞ்சின் முழு வலுவையும் கொடுப்பது 8,500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 8,500 சுற்றில். இரண்டாம் கியரில் அந்த இடத்துக்கு இழுத்தாலே மணிக்கு 90 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். சட்டம் விடுவது 70. அடுத்த வளைவில் ஒரு கொழுந்து லொறி பாதி ரோட்டைப் பிடித்துக்கொண்டு வரும். யூனோஸில் இரண்டாம், மூன்றாம் கியரை மாற்றி மாற்றிப் போட்டு, எஞ்சினை நன்றாக வேலை வாங்கி, சட்ட வேகத்துக்குள்ளேயே ஓட்டி மகிழலாம். இந்த மலையில் இலேசான காரும் நல்ல பிரேக்கும்தான் வேகம். சித்திரையில் நுவரெலியாவுக்கு வந்து மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியை ஒரு முறை பாருங்கள். 1934இல் தொடங்கியது அது. சின்னக் கார்கள் வளைவுகளில் என்ன செய்கின்றன என்று பார்த்தால் நான் எழுதுவதை விட நன்றாக விளங்கும்.

ஆகவே என் முதல் தெரிவு யூனோஸ். ஆனால் இரண்டு சோதனையில் பாஸாக வேண்டும்.

ஒன்று, துரு. துணிக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் இரண்டு சீட்டுக்கும் பின்னால், இரு ஓரத்திலும் உள்ள வடிகால் துளை வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலை, தூசி அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் தேங்கி உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். காரைப் பார்க்கப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோங்கள். கூரையைப் பாதி மடித்து, ஓரத்துத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னே, கீழே தாரை தாரையாக விழுந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, விழவே இல்லையென்றாலோ, அந்த இடத்துத் தகட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது. பட்டி பூசிய இடம் தட்டினால் மொத்தையாகச் சத்தம் போடும், காந்தம் ஒட்டாது. விற்கிறவர் "சின்ன டிங்கர் வேலைதான்" என்பார். வெட்டி எடுத்து வெல்டிங் அடிக்கிற வேலை அது. பார்த்திருக்கிறேன், திறந்த பிறகுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

இரண்டு, கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல் தண்டு. 1989 முதல் 1991 வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்கின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன் முனை, கட்டையானது. முன் போல்ட்டை யாராவது சரியாக முறுக்காமல் விட்டிருந்தால் புல்லியைப் பிடிக்கும் சின்னச் சாவித்துண்டு இருக்கும் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கும். 1990 கார் என்றால் நிச்சயமாகப் பார்க்க வேண்டிய விஷயம். போனட்டைத் திறந்து, எஞ்சின் ஓடாதபோது அடியில் உள்ள பெரிய புல்லியை டோர்ச் அடித்துப் பாருங்கள். நடுப்பகுதியில் நான்கு வெட்டுகள் தெரிந்தால் பழைய கட்டை மூக்கு, எட்டு இருந்தால் திருத்திய நீள மூக்கு. நான்கு என்பதற்காக விட்டுவிடத் தேவையில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, புல்லி நேராகச் சுற்றுகிறதா, தள்ளாடுகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால் வந்த வழியே திரும்பி வாருங்கள்.

இவ்வளவு பயங்காட்டிவிட்டு ஏன் இதையே சொல்கிறேன் என்றால், பாகம். மஸ்டா இந்த வரிசையில் 10 லட்சத்துக்கு மேல் கார் செய்திருக்கிறது, 2016இல் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்கள். முதல் தலைமுறைக் கார்களுக்கு நின்றுபோன பாகங்களை ஜப்பானில் மஸ்டாவே மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. முப்பத்தைந்து வயதுக் காருக்குப் புதுக் கூரைத் துணி ஓர்டர் பண்ண முடிகிறது என்றால் அதுதான் பெறுமதி. இன்னொன்று, அந்த 1.6 எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், வால்வு வளையாது. சிவிக் எஸ்ஐஆரில் வளையும். அங்கே ஒரு பெல்ட் தவறினால் எஞ்சின் தலையே போகும்.

சிவிக்கை மோசம் என்று சொல்லவில்லை. மழைக்குக் கூரை இருக்கிறது, பின் சீட்டு இருக்கிறது, சாதாரண சிவிக் நம் நாட்டில் நிறைய ஓடுவதால் சஸ்பென்ஷன் சாமான் கண்டியிலேயே கிடைக்கும். 5,500 ஆர்பிஎம் தாண்டியதும் அந்த எஞ்சினின் குரல் மாறும் பாருங்கள், அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, அதில் தப்பில்லை. நீங்கள் பார்த்த 1996 கார் உண்மையான எஸ்ஐஆர் என்றால் செசி நம்பர் ஈகே4 என்று தொடங்கும். வேறு ஏதாவது தொடங்கினால் கீழே கண்டி வாசகருக்குச் சொன்ன பதில் உங்களுக்கும்தான். உங்களுக்குக் காரை நனையாமல் நிறுத்த ஒரு கூரைக் கொட்டகை இல்லையென்றால், யூனோஸை மறந்துவிட்டு நேராக சிவிக்குக்குப் போங்கள். தலவாக்கலை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் காசு. 50 இருக்கிறது என்றால் 38க்குள் காரை முடியுங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் குழாய்கள், பிரேக், ஷொக், புஷ், நான்கு டயர். இந்த வரிசையில் செலவாகும், முதல் வருடத்திலேயே. பழைய ஸ்போர்ட்ஸ் காரை விலை முழுவதையும் கொடுத்து வாங்கிவிட்டு, கை காய்ந்து, சைலன்சரை மட்டும் மாற்றிக்கொண்டு திரிகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். சத்தம் வரும், பிரேக் பிடித்தால் கார் நிற்காது.

இறக்குமதி திறந்துவிட்டார்களே, கொஞ்சம் பொறுத்தால் விலை குறையுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2020 மார்ச்சில் மூடியதை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தது உண்மை. ஆனால் பாவித்த கார்களுக்கு வயதெல்லை இருக்கிறது. 1990 யூனோஸ் இனிமேல் கப்பலில் வராது. நாட்டில் இருப்பவைதான் இருப்பவை, அவற்றிலும் வருடத்துக்குச் சில கம்பத்தில் மோதுகின்றன.

அண்ணே, என் கணவர் ஆர்எக்ஸ்-8 வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார். எங்களுக்கு இருக்கப்போவது அந்த ஒரு கார்தான். பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதும் அதில்தான், இரண்டு கிலோமீற்றர் தூரம். எப்படித் தடுப்பது?
*வாசகி, ஹட்டன்*

தங்கச்சி, தடுக்கிற வேலையை என்னிடம் தராதீர்கள், உங்கள் வீட்டுக்காரர் என் கராஜுக்கும் வரக்கூடும். விஷயத்தைச் சொல்கிறேன், நீங்கள் இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.

அந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டர்கள் சுற்றுகின்றன. முக்கோணத்தின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்தால் கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்றை அமுக்கும் அழுத்தம், போய்விடும், எஞ்சினைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அந்த சீல்களுக்கு மசகு கொடுக்க எஞ்சின் தானாகவே கொஞ்சம் ஒயிலை எரிக்கும், அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பெற்றோல் அடிக்கிற ஒவ்வொரு முறையும் ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்கிற ஒழுக்கம் வீட்டில் யாருக்காவது இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு கிலோமீற்றர்தான் பெரிய பிரச்சினை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சூடேறுமுன் நிறுத்தினால் உள்ளே பெற்றோல் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். காலையில் வெளியே எடுத்து நிறுத்திவிட்டு உள்ளே போய் டீ குடித்துவிட்டு வரலாம் என்றால் நடக்காது. ஹட்டன் குளிரில், பள்ளி மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, நீங்கள்தான் அதனோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். பெற்றோலும் நன்றாகக் குடிக்கும்.

அவர் இன்னும் நின்றால், காரை ஒரு மணித்தியாலம் ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் பண்ணட்டும். சட்டென்று பிடித்தால் சரி. நீளமாகச் சுற்றிச் சுற்றிப் பிடித்தால் சீல் தளர்ந்திருக்கிறது. விற்கிறவர் எப்போதும் காரைக் குளிர்ந்த நிலையில்தான் காட்டுவார், கவனியுங்கள். ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள மீற்றரில் கொம்பிரஷன் பார்த்த கடதாசி கேளுங்கள். சாதாரண மீற்றரில் ஒரு ரோட்டருக்கு ஓர் எண்தான் வரும், மூன்று பக்கத்துக்கும் தனித்தனியாக மூன்று எண் வர வேண்டும். இரண்டாவது கார் உள்ள வீட்டுக்கு அருமையான கார் அது, ஸ்டியரிங் பிடித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரே கார் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

நீர்கொழும்பில் ஒரு சிவிக் ஈகே பார்த்தேன். "எஸ்ஐஆர் எஞ்சின் போட்டது" என்கிறார். புத்தகத்தில் 1493 சிசி என்று இருக்கிறது. பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் தருவதாகவும், அதனால் விலை குறைவு என்றும் சொல்கிறார். வாங்கலாமா?
*வாசகர், கண்டி*

வேண்டாம். அதாவது, இந்த நிலையில் வேண்டாம்.

ஹாஃப் கட் (வெட்டிய காரின் முன்பாதி) இறக்கி, எஸ்ஐஆரின் பி16ஏ எஞ்சினைப் போடுவது நம் கராஜ்களில் பழைய வேலை, நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அந்த எஞ்சின் 1595 சிசி. உங்கள் புத்தகத்தில் 1493 என்றால், எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யவில்லை என்று அர்த்தம். எஞ்சின் பிளொக்கில் குத்தியிருக்கும் நம்பரும் புத்தகத்து நம்பரும் வேறு வேறாக இருக்கும். பொலிஸ் நிறுத்தினால் அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான்.

ஓப்பன் பேப்பர், அதாவது வாங்குகிறவர் பெயர் போடாமல் கையொப்பம் மட்டும் வைத்த மாற்றப் பத்திரம், அதைவிட மோசம். இந்த நபர் பெயரிலேயே கார் இருக்கிறதா, இவருக்கு முன்னால் இருந்தவர் பெயரிலா? முன்னவர் வெளிநாட்டில் இருந்தால், இறந்துபோயிருந்தால், கையொப்பம் ஒத்துப்போகாவிட்டால், காசு கொடுத்தும் கார் உங்களுடையது ஆகாது. லீசிங் கொம்பனியின் பெயர் முழு உரிமையாளர் என்று இன்னும் புத்தகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் மாற்றத்தைப் பதிந்து, தன் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதென்றால் சொன்ன விலைக்கு மேலே கொஞ்சம் கொடுத்தும் வாங்கலாம். அதற்கு அவர் இழுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

நீர்கொழும்புக் கார் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கடல் உப்பு. ஜாக்கில் தூக்கிப் பின் சக்கர வளைவின் உள்ளோரத்தையும் பிரேக் குழாய்களையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

நுவரெலியாவில் டர்போ கார்தான் நல்லது என்கிறார்களே, உண்மையா? ஸ்டார்லெட் ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது.
*வாசகர், நுவரெலியா*

உண்மைதான். நீங்கள் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். குளிர்காற்று அடர்த்தி என்பதால் கொஞ்சம் ஈடாகும், ஆனாலும் டர்போ இல்லாத எஞ்சின் 15 வீதம் அளவுக்கு வலு இழக்கும். கொழும்பில் 170 குதிரைவலு ஓடியது உங்கள் வீட்டு வாசலில் 145 அளவுக்கு வந்துவிடும். டர்போ அந்த மெல்லிய காற்றையே அமுக்கிக் கொடுப்பதால் இழப்பு குறைவு.

ஸ்டார்லெட் ஜிடி 1.3 லீற்றர், 135 குதிரைவலு, ஆயிரம் கிலோவுக்கு நன்றாகக் குறைந்த கார். மலைக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் இன்று வரை யாரும் பூஸ்டை, அதாவது டர்போ அமுக்கும் அழுத்தத்தை, கூட்டிப் பார்க்காத ஸ்டார்லெட் கிடைப்பது கஷ்டம். டேஷ்போர்டில் பூஸ்ட் மீற்றர் பூட்டிய துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள், மீற்றரைக் கழற்றிவிட்டு விற்பார்கள், துளையைக் கழற்ற முடியாது. ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு அக்சிலேட்டரை ஒருமுறை மிதியுங்கள். நீலப் புகை வந்தால் டர்போ சீல் போயிருக்கலாம்.

ரேடியேட்டர் மூடியைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். உங்கள் ஊரில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். அதைக் கொதிக்க விடாமல் வைத்திருப்பது அந்த மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தம்தான். ரப்பர் காய்ந்துபோன மூடியோடு மேட்டில் ஏறி ஹெட் கேஸ்கட்டை எரித்துக்கொண்டு வருகிறவர்கள் எனக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள்.

பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும்போது என் பழைய பிஎம்டபிள்யூ 318இன் பிரேக் பெடல் மெத்தென்று கீழே போகிறது. பேட் புதிது. கீழே போய்ச் சற்று நேரம் நின்றால் சரியாகிவிடுகிறது. கார் ஓட்டோ.
*வாசகர், பண்டாரவளை*

ஐயா, சரியாகவில்லை, ஆறியிருக்கிறது. இதை வாசித்த கையோடு பிரேக் ஒயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் மூட்டத்தில் இழுக்கக் கேட்கவா வேண்டும். புது டொட் 4 ஒயில் 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் பிரேக் சூடேறி ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். பேட் எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் நிற்கும் காற்றை எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பாதையில் இறங்க வேண்டாம்.

இறங்கும்போது லீவரை டி-யில் விட்டுவிட்டு பிரேக்கிலேயே காலை வைத்திருக்காதீர்கள். 3க்கோ 2க்கோ இறக்கி எஞ்சினைப் பிடிக்க விடுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய பஸ் டிரைவர்மார் சொல்வது இதைத்தான்.

95 பெற்றோல் அடித்தால் பழைய யூனோஸ் வேகமாக ஓடுமா?
*வாசகர், கம்பளை*

ஓடாது. அந்த 1.6 எஞ்சினின் கொம்பிரஷன் விகிதம் 9.4தான், ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கே செய்தார்கள். 92 போதும். சிவிக் எஸ்ஐஆர், ஸ்டார்லெட் ஜிடி, ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் 95 அடியுங்கள், அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாங்கப்போகிற காரில் நான்கு டயரிலும் வெட்டுகள் ஆழமாக, புதிது போல இருக்கின்றன. பக்கத்தில் 2311 என்று இருக்கிறது. மாற்ற வேண்டுமா?
*வாசகி, பதுளை*

2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் அது. வெட்டு ஆழமாக இருப்பது கார் ஓடாமல் நின்றதால். ரப்பர் கல்லாகியிருக்கும், மழை ரோட்டில் பிடிக்காது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழாது. நான்கு டயரின் விலையைக் கேட்ட தொகையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள். பழையதை அவரிடமே விட்டுவிடாமல் கொண்டுவாருங்கள், பெயிண்ட் அடித்து முற்றத்தில் பூச்செடி வைக்கலாம்.